திரும்பி நின்ற தோள்பட்டை

மரியாதை ஒரு துளியும் குறையாமல் ஒரு மனிதனைக் கதற வைக்க முடியும் என்பதைத் திருப்பூருக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். "கொஞ்சம் வலிக்குமுங்க, பொறுத்துக்குங்க" என்பார் மேடம். அந்த 'ங்க' முடிவதற்குள் என் வலது கை யாருடைய கையோ போல எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும். நான் கத்துவேன். "நல்லாக் கத்துங்க மாஸ்டர், கீழ கடைக்காரரு பழகிட்டாருங்க" என்று அதற்கும் மரியாதையாகவே அனுமதி கொடுப்பார்.

அவருக்குப் பெயர்ப் பலகை உண்டு. அதில் பெயரும் படிப்பும் எழுதியிருந்தன. ஆனால் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. பிசியோதெரபி என்ற சொல் அப்போது எங்கள் மக்கள் வாயில் நுழையாது. கை விளங்காதவர்களும் கால் மடங்காதவர்களும் போகும் இடம் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கைகால் மேடம்'. நூல் கோனும் லேபிளும் விற்கும் ஒரு கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் அவருடைய அறை. மூட்டு போனவர்களுக்கு மாடியில் வைத்தியமா என்று நான் முதல் நாளே கேட்டேன். "ஏறி வந்துட்டீங்கல்ல, பாதி வைத்தியம் முடிஞ்சுதுங்க" என்றார்.

குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் காலில் ஓட்டப்பந்தய ஷூவுமாக நிற்பார். புடவைக்கு ஷூவா என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் கட்டைவிரலை நம் தோளில் ஊன்றுவார். அந்தக் கட்டைவிரல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கட்டைவிரலைவிட முதலில் மணிகளைச் சொல்ல வேண்டும்.

அறையின் ஒரு சுவரில் தரையிலிருந்து மேல் வரை ஒரு மரச்சட்டம் அடித்திருந்தார். அதில் சைக்கிள் மணிகள். இடுப்பு உயரத்தில் ஒன்று, நெஞ்சுயரத்தில் ஒன்று, தோளுக்கு நேரே ஒன்று, அப்படியே மேலே போய்க்கொண்டிருக்கும். கை தூக்க முடியாதவர்கள் சுவரோரம் நின்று விரல்களை ஒவ்வொன்றாக எறும்பு போல மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். எட்டிய மணியைக் கட்டைவிரலால் அடிக்க வேண்டும். நேற்று அடித்த மணிக்கு மேல் ஒரு மணியை இன்று அடித்துவிட்டால் அவ்வளவுதான். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார்.

"கேட்டுச்சுங்களா? செக்கிங் அம்மிணிக்குக் கை ஏறிருச்சுங்க."

கீழே எதிர்ப்புறம் டீக்கடை. டீ மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார். "ஏறட்டுமுங்க, ஏறட்டுமுங்க."

இது ஒரு நாள் கூத்தல்ல, தினசரி நடப்பது. ஆறுதல் சொல்வது அவருக்குச் சுத்தமாக வராது. அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வேர்க்கடலையை நீட்டுவார். ஆனால் ஒரு விரற்கடை முன்னேறிவிட்டால் அதைக் கொண்டாடத் தெருவையே கூட்டிவிடுவார். வெற்றியை அடக்கி வைக்கத் தெரியாத மனுஷி. எனக்கு ஆரம்பத்தில் இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஏனென்றால் நான் கட்டிங் மாஸ்டர். முதலிபாளையம் எஸ்டேட்டில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. அந்தத் தொழிலில் கத்தி பிடிக்கிறவனுக்கு ஒரு மிதப்பு உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. நீள மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டு, கரண்டில் ஓடும் கத்தியை நான் உள்ளே நுழைத்தால் அத்தனை அடுக்கும் ஒரே மாதிரி விழும். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து மொபெட்டில் திரும்பும்போது சாயப்பட்டறை வண்டி சிந்திய ஈரத்தில் சறுக்கி விழுந்தேன். மேற்கை எலும்பு தோளுக்குச் சற்றுக் கீழே முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது. கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தால் கை பாதி உயரத்துக்கு மேல் வரவில்லை.

முதலாளி நல்ல மனுஷர். வீடு தேடி வந்து பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

"மாஸ்டர், உங்களை உடமாட்டேனுங்க. பேக்கிங்ல உக்காந்துக்குங்க, சம்பளத்துல கை வைக்க மாட்டேன். ஆனா கத்தி மட்டும் வேண்டாமுங்க. மேல ஓடற ஒயரைத் தள்ளற கை இல்லாம எப்படிங்க கத்தி குடுக்கறது?"

அவர் சொன்னது நியாயம். கத்திக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயர் மேசைக்கு மேலே ஒரு கம்பியில் வளையம் போட்டுத் தொங்கும். வெட்டிக்கொண்டே போகும்போது அடிக்கடி கையை உயர்த்தி வளையத்தை முன்னே தள்ளிவிட வேண்டும். இடது கை துணியை அழுத்திக்கொண்டிருப்பதால், கத்தியை அதன் அடித்தட்டில் நிற்க விட்டுவிட்டு வலது கைதான் எழ வேண்டும். தள்ளாமல் விட்டால் ஒயர் தொய்ந்து கத்திக்குக் குறுக்கே விழும். அப்புறம் ஆள் மிஞ்ச மாட்டான். தற்காலிகமாக வேறு ஒரு மாஸ்டரைப் போட்டிருந்தார்கள். புதிய சீசனின் முதல் லே விழும்போது கத்தி அவர் கையில் இருந்தால் அது அவருடையதுதான். நான் காலமெல்லாம் பாலிதீன் உறைக்குள் பனியன் மடித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். அந்த நினைப்பே எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

இந்த நிலைமையில் இருக்கிறவன் கை நெஞ்சுயர மணியை எட்டியதை ஊருக்கெல்லாம் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் தடவை அந்த மணியை அடித்ததும் அவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். "கட்டிங் மாஸ்டருக்குக் கை ஏறிருச்சுங்க." தெருவில் எங்கள் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. நெஞ்சு வரை கை வந்ததெல்லாம் ஒரு வெற்றியா? நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன்.

மறுநாள் கெஞ்சிக் கேட்டேன். "மேடம், என் பேரைச் சொல்லாதீங்க. மாஸ்டர்னும் சொல்லாதீங்க."

"உங்க கையி தானுங்களே?"

"எங் கைதான். ஆனா இது இன்னும் கையே இல்ல."

அவர் வேர்க்கடலையை நீட்டினார்.

டாக்டர் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டார். தோள் மட்டத்துக்கு வந்தாலே பெரிய விஷயம் என்று சொன்னதைச் சொன்னேன். "அவரு வேலையை நெம்ப நல்லாச் செஞ்சிருக்காருங்க. எலும்பு நேரா கூடியிருக்குது. இனி நம்ம வேலைங்க" என்றார். பிறகு அந்த ஒயர்க் கம்பி எவ்வளவு உயரம் என்று விசாரித்தார். நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த உயரத்தில் சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே புதிதாக ஒரு மணியைப் பொருத்தினார். பளபளவென்று இருந்தது. அதற்கு மேல் மணி இல்லை. "இது உங்க மணிங்க. வேற யாரும் அடிக்க உடமாட்டேன்" என்றார். அந்த மணியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

மற்றவர்களிடமும் இதே நடப்புத்தான். அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு பெரியம்மா முழங்கால் மடங்காமல் வருவார். அவர் கை நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லோரும் மணி அடிக்கும்போது தான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குக் குறையாக இருந்திருக்கிறது. மேடம் நாற்காலிக்கு அடியில், குதிகால் பின்னால் போனால் படும்படி ஒரு மணியைக் கட்டிவிட்டார். முழங்கால் மடங்க மடங்க மணியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுவார். பெரியம்மா குதிகாலால் மணியடித்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர் இழுத்தவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஜன்னலில் "அவிநாசிபாளையத்து அம்மாயிக்குக் கால் மடங்கிருச்சுங்க" என்று அறிவிப்பு போனது. கால் விஷயம் என்பதால் டீ மாஸ்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு "மடங்கட்டுமுங்க" என்றார்.

பீகார்ப் பையன் ஒருவன் விறைத்துப்போன முழங்கையோடு வந்தான். நிட்டிங் மெஷினில் வேலை. அவனுக்குத் தமிழ் தெரியாது, மேடத்துக்கு இந்தி தெரியாது. யாரிடமோ கேட்டு, மேலே என்பதற்கு 'ஊப்பர்' என்ற ஒரே சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தார். அதையும் மொட்டையாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஊப்பருங்க, இன்னுங்கொஞ்சம் ஊப்பருங்க" என்பார். அந்தப் பையன் கம்பெனியில் போய் எல்லோரிடமும் 'ஊப்பருங்க' என்று சொல்லித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

டவுன் பஸ்ஸில் ஒரு தடவை அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். "எப்படி ஏறியிருக்குது பாருங்க மாஸ்டர், அத்தனை கையும்" என்றார், வேடிக்கை பார்க்கும் குழந்தை முகத்தோடு. வெறுமனே கை தூக்கி நிற்கிற கூட்டத்தைப் பார்த்து ஒருத்தர் இவ்வளவு சந்தோஷப்படுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கோ பொறாமையில் வயிறு எரிந்தது.

அறை மூலையில் ஒரு எலும்புக்கூடு தொங்கியது. ஏதோ கல்லூரியில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மண்டையும் முதுகுத்தண்டும் விலாக்கூடும் மட்டும்தான் இருந்தன. கைகால் இல்லை, அவை மாட்டிக்கொள்ளும் தோள் வளையமும் இடுப்பு வளையமும் இல்லை. கைகால் மேடத்தின் எலும்புக்கூட்டுக்குக் கைகாலே இல்லை என்று நாங்கள் அவர் காதுபடவே கேலி பேசுவோம். ஒரு நாள் அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மாஸ்டர், ஊருக்கே கை வெட்டிப் போடறீங்க, இதுக்கு ஒரு ஜோடி வெட்டித் தரமாட்டீங்களா?"

"பனியன் கைதான் மேடம் வெட்டுவேன்."

"எலும்புக் கையும் வெட்டுங்க. புஸ்தகத்துல இருக்கறதை நான் காக்கித்தாள்ல வரஞ்சு தர்றேன். தச்சு உள்ள பஞ்சடைச்சா ஆச்சு. படத்தைக் காட்டுனா யாருக்கும் புரிய மாட்டேங்குதுங்க."

மறுக்க முடியவில்லை. பிறகுதான் அதில் இருந்த சூது புரிந்தது. வீட்டுத் தரையில் துணியை விரித்து, முட்டி போட்டு, சாக்பீஸோடு வலது கையை முன்னே முன்னே நீட்டி வரைய வேண்டும். அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியும் அதேதான். தினம் அதைச் செய்யச் சொன்னால் நான் டிமிக்கி கொடுப்பேன் என்று தெரிந்து, வேலை என்று கொடுத்துவிட்டார். வேலை என்றால் நான் விடமாட்டேன்.

வெள்ளை இன்டர்லாக் துணியில் வெட்டினேன். என் மனைவி ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே மெஷினில் ஓட்டி, கட்டிங் வேஸ்ட்டை அடைத்துக் கொண்டுவந்தாள். தொடை எலும்பு தலையணை போலக் கொழுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளையும் மெலிதாக, ஒன்றன்மேல் ஒன்று புரளும்படி தைத்திருந்தாள். கழுத்தடியில் வரும் காறை எலும்பு சின்ன முருங்கைக்காய் அளவில் வளைவோடு வந்திருந்தது. மூட்டுகளைச் சேர்த்துப் பிடிக்க மேடம் காலருக்கு வைக்கும் ரிப் துணி கேட்டார். இழுத்தால் கொடுக்கும், விட்டால் பழையபடி வரும், மூட்டுக்கட்டு அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

தோள்பட்டை எலும்பு வெட்டும்போது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். முக்கோணத் தகடு மாதிரியான எலும்பு அது. அதன் முதுகில் குறுக்கே ஒரு மேடு ஓடும்.

"இந்த மேட்டை எந்தப் பக்கம் வச்சுத் தைக்கணும்? உள்ளயா வெளியயா?"

"இன்டர்லாக்குக்கு ஏதுளா உள்ளு வெளி? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே மாதிரியா சொல்லுதீங்க?"

"பனியன் கைக்கு இடது வலது பார்த்தா தைக்க? எல்லாத்துக்கும் ஒரே இடத்துல மார்க் பண்ணிருக்கேன். அப்படியே ஓட்டு."

பத்து வருஷ சர்வீஸ் அப்படிப் பேச வைத்தது. நாங்கள் வெட்டும் பனியனில் எந்தக் கையை எந்தப் பக்கம் வைத்துத் தைத்தாலும் பொருந்தும். இன்டர்லாக்கை எப்படித் திருப்பினாலும் ஒரே முகம்தான். ஒரு கட்டுக்குள் இருக்கும் உருப்படி அத்தனையும் ஒன்றுபோல இருந்தால்தான் அது நல்ல கட்டிங்.

எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மனைவியும் நானும் போனோம். மேடம் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். முதலில் இடுப்பு. "இது முதுகுத்தண்டோட இறுகிப் பூட்டுன வளையமுங்க. உடம்பைச் சுமக்கோணும், அதனால அசையாது. தொடை எலும்பு தலை உக்கார்ற குழியும் டம்ளர் மாதிரி ஆழம்." அடுத்து தோள். "இதைப் பாருங்க, சாஸர் மாதிரி மேலோட்டமான குழி. இந்தப் பட்டை எங்கயும் பூட்டலீங்க. விலா மேல சும்மா படுத்திருக்குது. உடம்போட சேர்க்கறது இந்தக் காறை எலும்பு ஒண்ணுதான். அதனாலதான் கை நெனச்ச பக்கமெல்லாம் போகுதுங்க." இடது தோள் அழகாகப் போய் உட்கார்ந்தது. வலது தோளை மாட்டிவிட்டு அவர் ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாஸ்டர், ரெண்டும் இடதுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் வலது தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். குழி வெளிப்பக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதுகில் தெரிய வேண்டிய மேடு உள்ளே திரும்பி விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எலும்புக்கு உள்ளு வெளி உண்டுங்க. இடது வலது உண்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தே சிரித்தார். ஒரு தோள்பட்டை கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"பிரிச்சுட்டு வேற தச்சுத் தாரோம் மேடம்" என்று அவள் கழற்றப் போனாள். மேடம் தடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. துணிக் கைகள் இரண்டையும் மணிக்கட்டில் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார்.

இடது கை ஏறியது. பாதி வழியில் தோள்பட்டையும் நகர ஆரம்பித்தது. அதன் கீழ்முனை விலாமேல் வழுக்கி வெளிப்பக்கம் போக, குழி மேல்நோக்கித் திரும்ப, கை காதோரம் போய் நின்றது. வலது கை தோள் மட்டம் வரை வந்தது. அங்கே உள்ளே திரும்பிய மேடு விலாவில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. இன்னும் இழுத்தார். தோள் மொத்தமாகக் காதை நோக்கி எழும்பியதே தவிரக் கை ஏறவில்லை.

அது என் கை. அதே வலது கை, பல நாளாக நான் மாட்டி நிற்கும் அதே தோள் மட்டம், அதே மாதிரிக் காதை நோக்கி எழும்பும் தோள். கண்ணாடியில் தினம் பார்த்து நொந்துபோன உருவத்தை இன்டர்லாக் துணியில் நானே வெட்டிக் கொண்டுவந்திருந்தேன்.

"மேடம், எனக்கும் எலும்பு திரும்பிப் போச்சா?"

"இல்லீங்க. உங்க எலும்பு நேராத்தான் இருக்குது. நீங்க புடிச்சு வச்சிருக்கீங்க." உள்ளங்கையை என் வலது தோள்பட்டை மேல் வைத்தார். "கையை மூணு பங்கு தூக்குனா ரெண்டு பங்குதான் குழியில இருக்கற கையெலும்பு உருண்டை போகுமுங்க. மிச்சம் ஒரு பங்கு இந்தப் பட்டை போகோணும். வலிக்குமோன்னு பயந்து நீங்க இதை இறுக்கிப் புடிச்சுக்கறீங்க. கையை ஏத்தாதீங்க மாஸ்டர். இதை உடுங்க. கை அதுவா வருமுங்க."

மூச்சை விட்டேன். கட்டு போட்ட நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி வைத்திருந்த இடம் அது. அதை விடுவது கையைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவருடைய உள்ளங்கைக்கு அடியில் அந்த எலும்பு முதலில் ஒரு நடுக்கம் கொடுத்தது, பிறகு மெல்ல வழுக்கியது. என் விரல் சுவரில் தோள் மட்ட மணியைத் தாண்டி அதற்கு மேலிருந்த மணியைத் தொட்டது. மனைவி அழுதுவிட்டாள். மேடம் அவளிடம் வேர்க்கடலையை நீட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். என் வேண்டுகோள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், பேரும் தொழிலும் சொல்லாமல் "ஒருத்தருக்குக் கை ஏறிருச்சுங்க" என்று மட்டும் கத்தினார். "யாருக்குங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வலது தோள்பட்டையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்களை எலும்புக்கூட்டின் முன்னால் நிறுத்தி, இதில் எது தப்பு, கண்டுபிடியுங்கள் என்பார். கண்டுபிடித்தவர்களிடம், "எங்க கட்டிங் மாஸ்டர் வெட்டுனதுங்க" என்று ஏதோ விருது வாங்கியதைச் சொல்வதுபோலச் சொல்வார். தோற்றதைக்கூட அவரால் வெற்றி மாதிரித்தான் சொல்ல முடிந்தது.

சீசன் ஆரம்பித்தது. அதற்குள் என் மணிக்குச் சற்றுக் கீழே வரை கை ஏறியிருந்தது, முதல் லேயை நானே வெட்டிப் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். முதல் லே அன்று முதலாளி கட்டிங் ஹாலுக்கு வந்து ஓரமாக நின்றார். தற்காலிக மாஸ்டரும் நின்றார். நான் துணியை விரித்தேன், பேட்டர்னை வைத்தேன், கத்தியைக் கையில் எடுத்தேன். மோட்டார் சத்தம் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மேசையின் பாதி தூரம் போனதும் ஒயர் தொய்ந்தது. எல்லோருடைய கண்ணும் என் தோளில் இருந்தது எனக்குத் தெரியும். இறுக்கம் வந்தது. பல்லைக் கடிக்கப் போனேன். அப்போது என் தோள்பட்டை மேல் ஒரு உள்ளங்கை இருப்பதுபோல் தோன்றியது. இதை உடுங்க மாஸ்டர். விட்டேன். கை போய்க் கம்பியிலிருந்த வளையத்தைத் தள்ளியது. அது சர்ரென்று ஓடி மறுகோடியில் நின்றது. முதலாளி தற்காலிக மாஸ்டரின் தோளைத் தட்டி வெளியே டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நேராக மாடிக்குப் போனேன். இரண்டிரண்டு படியாக ஏறினேன். மேடம் யாருக்கோ மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "கத்தி கெடைச்சுருச்சுங்களா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நடந்து வந்தபோது கை இரண்டும் ஒரே மாதிரி வீசினதாம்.

அந்தப் பளபளப்பான மணியை அடித்தேன். கம்பியின் உயரத்தில் இருந்த என் மணி. அவர் ஜன்னலுக்கு ஓடுவார் என்று பார்த்தேன். ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பி அந்த ஒசரந்தானுங்க. உங்க கை அதுக்கும் மேல போகுமுங்க."

மேசை டிராயரிலிருந்து சுத்தியலும் ஆணியும் எடுத்து நீட்டினார். "அதைக் கழட்டி இன்னும் ஒசக்க அடிங்க. இந்தக் கையிலயே."

அடித்தேன். இடது கையால் மணியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கி, ஆணி இறங்கும் வரை அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் முதுகில் அந்தப் பட்டை வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது. வலித்தது. அந்த வலி சந்தோஷமாக இருந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பயிற்சியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அவிநாசிபாளையத்து அம்மாயி வாய்விட்டு எண்ண ஆரம்பித்து எண்ணிக்கையை விட்டுவிட்டார். மூலையில் எலும்புக்கூடு தன் இரண்டு இடது தோளோடு ஆடிக்கொண்டிருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மணியை அடித்தேன்.

மேடம் ஜன்னல் பக்கம் போனார். கதவை முழுசாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இன்னைக்கு நீங்களே சொல்லுங்க."

நான் வெளியே தலையை நீட்டினேன். தெருவில் கம்பெனி வேன் நின்றது. எனக்குத் தெரிந்த முகங்கள் நாலைந்து இருந்தன. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் இந்த ஊர்ப் பேச்சு உனக்கு ஒட்டவே இல்லை என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள். வாயைத் திறந்ததும் அது தானாக வந்தது.

"கை ஏறிருச்சுங்க."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். குரல் புதிதாக இருந்ததால் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு கையிங்க?"

"என்னோடதுங்க" என்றேன்.